முதல்முறையாக மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், உள்ளே என்னதான் நடக்கும்?

அரைத்தூக்கம் | திங்கள், இரவு 1.20

வெள்ளிக்கிழமை காலை ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. நானாகப் போகவில்லை. மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய் நின்றேன், அவர் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு "இதை அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டில் "மனநல மதிப்பீடு" என்று போட்டிருக்கிறது. மதிப்பீடு என்றால் எனக்குப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது, இதில் தேறினால் நல்லதா தோற்றால் நல்லதா என்றே புரியவில்லை.

வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன். ஆனால் விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி, அதற்குமேல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இரண்டு பயம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். "உங்களுக்கு ஒன்றுமே இல்லையே, எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டுவிடுவார்களோ என்பது ஒன்று. வாய் தவறி ஏதாவது சொல்லி, பிடித்து உள்ளேயே வைத்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. போய்வந்தவர்கள் இருந்தால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.


எழுபத்தொன்பது | திங்கள், காலை 7.05

நான் போய் இரண்டு வருடம் ஆகிறது. கிட்டத்தட்ட 70 நிமிடம் உள்ளே இருந்தேன். முதல் சந்திப்பு பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

படுக்க வைத்து, கண் முன்னால் எதையாவது ஊசலாட்டிக் காட்டுவார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். "என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் பேசாமல் இருந்துவிட்டார். அந்த அமைதிதான் முதலில் பயமுறுத்தியது. அப்புறம் எப்போது தொடங்கியது, அதற்கு முன்னால் எப்படி இருந்தீர்கள், இத்தனை நாள் சமாளித்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக. தூக்கம், பசி, எடை, பிடித்த விஷயத்தில் நாட்டம் இருக்கிறதா, ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் படிக்க முடிகிறதா. இதற்கு முன் இப்படி வந்ததுண்டா. குடும்பத்தில் யாருக்காவது மனநோய், குடிப்பழக்கம், தற்கொலை உண்டா. பள்ளிக்கூட நாட்கள் எப்படிப் போயின. குடிப்பீர்களா என்றார், "எப்போதாவது" என்றேன். "எப்போதாவது என்றால் வாரத்தில் எத்தனை நாள், ஒரு தடவைக்கு எவ்வளவு?" என்று அடுத்த நொடியே வந்தது. எண்ணிச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான்.

நடுவில் மூன்று சொல் சொல்லி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போங்கள் என்றார். நான் பிழைப்பு நடத்துவதே கணக்கு எழுதித்தான். 93, 86, 79 வரை மளமளவென்று வந்தேன். 79இல் நின்றேன் பாருங்கள், அசைய முடியவில்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, 72 என்று சொன்னபோது குரலே வரவில்லை. "நான் விடையைப் பார்க்கவில்லை, உங்களால் ஒரு வேலையில் மனதை நிறுத்திவைக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன்" என்றார். அந்த மூன்று சொல்லில் இரண்டு சொன்னேன். மூன்றாவது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஞாபகம் வந்தது.

என் பெயருக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.


வார்டு_விளக்கு | திங்கள், காலை 10.40

மனநலப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். மேலே சொன்னதில் கதை கேட்கும் பகுதி ஒன்று, மனநிலைப் பரிசோதனை என்பது இன்னொன்று. இரண்டாவது நடப்பதே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அதில் பாதி கேள்வியே இல்லாமல் நடக்கிறது. எப்படி உள்ளே வருகிறார், உடை எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, பேச்சு வேகமா மெதுவா, கேட்டதற்குப் பதில் வருகிறதா அல்லது வேறு எங்கோ போய்த் திரும்புகிறதா. "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு நீங்கள் சொல்வதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுவார்கள், முகத்தில் தெரிவதைத் தனியாக எழுதுவார்கள். வாய் "பரவாயில்லை" என்கிறது, முகம் கல்லாக இருக்கிறது என்றால் அதுவே அவர்களுக்கு ஒரு செய்தி.

அதற்காக நடிக்கப் பழகிக்கொண்டு போகாதீர்கள். நான் பார்த்தவரை முதல் சந்திப்பைக் கெடுப்பது பொய் இல்லை, ஒழுங்குதான். நன்றாகக் குளித்து, இஸ்திரி போட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் "சமாளித்துக்கொள்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். வாசலில் கைப்பிடியைப் பிடித்தபடி "இன்னொன்று டாக்டர்..." என்று ஆரம்பிப்பார்கள். உண்மையில் அவர்கள் வந்தது அதற்காகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திடீரென்று "யாருமில்லாதபோது காதில் குரல் கேட்கிறதா, உங்களை யாராவது கண்காணிக்கிறார்களா?" என்று கேட்டால் பதற வேண்டாம். என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எல்லோரிடமும் கேட்பது அது. ரத்த அழுத்தம் பார்ப்பது மாதிரி.

படிவமும் தருவார்கள். மனச்சோர்வுக்கு அதிகம் புழங்குவது பிஎச்க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பதற்றத்துக்கு ஜிஏடி-7, ஏழு கேள்வி, மொத்தம் 21. இணையத்திலேயே கிடைக்கிறது, போட்டுப்பார்த்துவிட்டு "எனக்கு 14, அப்படியென்றால் நோய்தானே" என்று வருவார்கள். அந்த எண் ஒரு காய்ச்சல்மானி. காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.


கைசூடு | திங்கள், மாலை 6.15

எல்லோரும் நல்லபடியாகவே சொல்கிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். நான் போன இடத்தில் 12 நிமிடம், கைக்கடிகாரத்தில் பார்த்தேன். டாக்டர் திரையைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டே கேட்டார், முகத்தை நிமிர்த்திப் பார்த்தது இரண்டு தடவை. சோர்வு, அழுகை, தூக்கமில்லை என்றேன். மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாவது வாரம் நான் ஆகாயத்தில் இருந்தேன். இரவு இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும், களைப்பே கிடையாது, ஒரே வாரத்தில் மூன்று புதுத் தொழிலுக்குத் திட்டம் போட்டு, சேமிப்பைக் கரைத்து, கூடப் பிறந்தவர்களோடெல்லாம் சண்டை. இன்னொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இதற்கு முன்னால் எப்போதாவது, நாலு நாளாவது சேர்ந்தாற்போல, தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், வழக்கத்துக்கு மீறின உற்சாகமாகவோ எரிச்சலாகவோ இருந்ததுண்டா?" உண்டு. கல்லூரியில் ஒரு தடவை, அதற்கப்புறம் ஒரு தடவை. அதை நோய் என்று நான் ஏன் நினைக்கப்போகிறேன், என் வாழ்க்கையின் சிறந்த நாட்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

பைபோலார், அதாவது சில காலம் சோர்வில் விழுந்து சில காலம் இப்படி உச்சத்துக்குப் போகும் நோய், உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு இப்படி மேலே தூக்கிப்போடும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் டாக்டர் அதைக் கேட்கவேயில்லை. ஆகவே அரைத்தூக்கம், அவர்கள் கேட்காவிட்டாலும் நல்லா இருந்த நாட்களையும் சொல்லுங்கள். கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.


வார்டு_விளக்கு | திங்கள், இரவு 8.30

கைசூடு சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கேள்வி கேட்காமல் மனச்சோர்வு மாத்திரை எழுதுவது தவறு, அதற்கு நான் முட்டுக்கொடுக்க மாட்டேன். மனச்சோர்வோடு வருகிறவர் சோர்வைத்தான் சொல்வார், மேலே போன நாட்களை அவராகச் சொல்ல மாட்டார். தோண்டி எடுக்க வேண்டியது டாக்டர் வேலை.


மனமே_மருந்து | திங்கள், இரவு 10.10

எல்லாம் மனசுதான் காரணம். தினமும் அரை மணி நேரம் மூச்சுப்பயிற்சி செய்தால் தூக்கம் தானாக வரும். இந்த மாத்திரையெல்லாம் ஒருமுறை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க அடிமைதான்.


எழுபத்தொன்பது | திங்கள், இரவு 10.25

அறிவுரை வேண்டாம் என்றுதானே முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்.


வார்டு_விளக்கு | திங்கள், இரவு 10.50

மூச்சுப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. அடிமை என்பதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால் உடல் அதைச் சார்ந்துவிடும், அதனால்தான் குறுகிய காலத்துக்கு எழுதுவார்கள். எஸ்எஸ்ஆர்ஐ போன்ற மனச்சோர்வு மருந்துகளில் மருந்துக்காக ஏங்கும் நிலை வராது, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் சுரீரென்று ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எழுதித் தரும்போதே இது எந்த வகை, எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் கோபப்படுகிற டாக்டர் என்றால் டாக்டரை மாற்றுங்கள்.


அரைத்தூக்கம் | செவ்வாய், இரவு 3.40

மூன்றரைக்கு எழுந்துவிட்டேன், வழக்கம் போல. எல்லாருக்கும் நன்றி.

ஒன்று கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன். தற்கொலை பற்றிக் கேட்பார்கள் அல்லவா. எனக்குச் சாகவேண்டும் என்று இல்லை. ஆனால் சில நாள் காலையில், எழுந்திருக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இதைச் சொன்னால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? சேர்த்துக்கொள்வார்களா? இல்லை என்று சொல்லிவிடட்டுமா?


வார்டு_விளக்கு | செவ்வாய், காலை 5.55

இப்போதுதான் பார்த்தேன். நேராகவே கேட்கிறேன். உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ, எப்படி என்றோ, எப்போது என்றோ யோசித்திருக்கிறீர்களா? ஆம் என்றால் வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம், இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

இல்லை என்றால், நீங்கள் இங்கே எழுதியிருப்பதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் அங்கே சொல்லுங்கள். எழுந்திருக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பு, சாக வேண்டும் என்ற நினைப்பு, எப்படி என்று திட்டம் போடுவது, அதற்கான பொருளைக் கையில் வைத்திருப்பது, இதெல்லாம் ஒன்றில்லை. அவர்கள் ஒவ்வொரு படியாகக் கேட்பது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். இந்த நினைப்பைச் சொன்னதற்காக மட்டும் பிடித்துச் சேர்த்துவிட மாட்டார்கள். விருப்பத்துக்கு மாறாகச் சேர்ப்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, ஆனால் பொதுவாகப் பார்ப்பது உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறதா என்றுதான். வீட்டுக்குச் சொல்வதும் அப்படித்தான். உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது, நீதிமன்றம் கேட்கிறது, இந்த மாதிரி சில இடங்களில்தான் ரகசியம் திறக்கும். எதையெல்லாம் வெளியே சொல்வீர்கள் என்று உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக நீங்களே கேட்கலாம், அது உங்கள் உரிமை.

இதைக் கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி வருவதில்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன, பலர் அப்பாடா என்று மூச்சு விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பதில் போடுங்கள். ஒரு வரி போதும்.


அரைத்தூக்கம் | செவ்வாய், காலை 6.10

திட்டம் எதுவும் இல்லை. அந்த நினைப்பு மட்டும்தான். அக்கா பக்கத்து அறையில் இருக்கிறாள், அவளிடம் இன்று சொல்லிவிடுகிறேன்.


தம்பிக்காக | செவ்வாய், மதியம் 1.00

அக்கா என்றதும் எழுதத் தோன்றியது. கூட யாரையாவது அழைத்துப்போவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லையே. நான் என் தம்பியைக் கூட்டிப்போனேன். உள்ளே அவன் தனியாகவே அரை மணி நேரம் பேசினான், ரொம்பத் தெளிவாக. எனக்கு ஒன்றுமில்லை, அக்காதான் பயப்படுகிறாள் என்றானாம். பிறகு அவன் சம்மதத்தோடு என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டிவைத்திருக்கிறான், நாலு மாதமாகத் திரையை விலக்க விடுவதில்லை என்று சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, எப்போது முதலில் ஒட்டினான் என்று கேட்டார். எனக்கு தேதி தெரியவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சிலருக்குத் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதே தெரியாது, அப்போது கூட இருப்பவர் சொல்வதுதான் பாதி நோய்க்கதை. அரைத்தூக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் அக்கா வாசலில் உட்கார்ந்திருக்கட்டும், திரும்பி வரும்போது ஒரு ஆள் வேண்டும்.


எழுபத்தொன்பது | புதன், காலை 9.20

எடுத்துப்போக வேண்டியது: இப்போது எடுக்கும் எல்லா மாத்திரையும். வலிமாத்திரை, சத்துமாத்திரை, மூலிகைச் சமாச்சாரம் உட்பட. நான் இரண்டு மாத்திரையை மறந்துவிட்டுப் போய் வீட்டுக்குப் போன் போட்டு அட்டையைப் படிக்கச் சொன்னேன்.


வார்டு_விளக்கு | புதன், காலை 11.00

ஆமாம். ஸ்டீராய்டு மாத்திரையே மனநிலையைப் புரட்டிப்போடும். தைராய்டு குறைந்தால் அச்சு அசல் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், கூடினால் பதற்றம் மாதிரி. பி12 குறைவு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இதையெல்லாம் பார்க்கத்தான் ரத்தப் பரிசோதனையும் கேள்வியும். மனசுக்கு வந்த இடத்தில் எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.


கைசூடு | புதன், இரவு 9.45

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலை இடமோ நீதிமன்றமோ அனுப்பிப் போகிற மதிப்பீடு வேறு சங்கதி. அங்கே ரிப்போர்ட் அனுப்பியவர் கைக்குப் போகும், டாக்டர் உங்களுக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்திருக்கவில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு அங்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள், யாருக்கு என்ன போகும் என்று முதலில் கேளுங்கள்.


அரைத்தூக்கம் | வெள்ளி, மாலை 4.30

போய்வந்துவிட்டேன். 55 நிமிடம்.

உட்கார்ந்ததும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார் டாக்டர். "நல்லா இருக்கேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது! நான் சொல்லவே இல்லை, அதுவாகச் சொன்னது. அவர் ஒன்றும் பேசவில்லை, எழுதவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்புறம் சிரிப்பு எங்கேயோ போய் அழுகையாக நின்றது. டிஷ்யூ டப்பா என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததையே அப்போதுதான் கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை இங்கே எழுதினதைத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன், நாலாக மடித்து. வாயால் சொல்ல வரவில்லை, தாளைக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு வார்டு_விளக்கு கேட்ட கேள்விகளையே கிட்டத்தட்ட அதே வரிசையில் கேட்டார், அதனால் பாதி பயம் போய்விட்டது. மூன்றரை மணி விழிப்பில் ரொம்ப நேரம் நின்றார். எத்தனை மணிக்குத் தூக்கம் வரும், விழித்தால் என்ன தோன்றும், காலையில் மோசமா மாலையில் மோசமா. மாலையில் கொஞ்சம் தேவலை என்றேன், அதை மட்டும் அடிக்கோடிட்டார். மேலே போன நாட்கள் உண்டா என்றும் கேட்டார், கைசூடு. இல்லை என்பதற்கு முன்னால் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

படிவத்தில் 16. மிதத்துக்கும் தீவிரத்துக்கும் நடுவில் என்றார். மனச்சோர்வு என்றுதான் தோன்றுகிறது, ஆனால் தைராய்டும் பி12ம் ஹீமோகுளோபினும் வரட்டும், அப்புறம் பேசலாம், இப்போதைக்கு இது பென்சிலில் எழுதினது என்றார். மாத்திரை எடுப்பதா, பேச்சுவழிச் சிகிச்சையில் தொடங்குவதா, இரண்டும் சேர்த்தா என்று என்னிடமே கேட்டார். எடுத்தாலும் முழுசாக வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது, அந்த நினைப்பு அதிகமானால் மட்டும் உடனே கூப்பிட வேண்டும் என்று எண்ணைச் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். திட்டவில்லை.

ஒன்றுமில்லை என்று அனுப்பவும் இல்லை, பிடித்து வைக்கவும் இல்லை. அக்கா வாசலில் செல்போனில் சார்ஜ் தீர்ந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாளைக் காலை ரத்தம் கொடுக்கப் போகிறேன். அடுத்த சந்திப்பு இரண்டு வாரத்தில்.

எழுபத்தொன்பது, என்னை ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லவில்லை. மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னாலே சொல்லச் சொன்னார். ஆகஸ்ட்டில் மாட்டிக்கொண்டேன்.


எழுபத்தொன்பது | வெள்ளி, மாலை 4.52

ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ஜூலை. நானும் விரல் விட்டுத்தான் சொன்னேன்.


வார்டு_விளக்கு | வெள்ளி, மாலை 5.30

ரிசல்ட் வந்ததும் போடுங்கள். மூன்றரைக்கு விழித்தாலும் எழுதுங்கள், நானும் பல நாள் அந்த நேரத்தில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பழைய நைட் டூட்டி பழக்கம்.